மஞ்சள் குப்பிக்குள் அடங்குமா?

என்னுடன் கல்லூரியில் பணியாற்றிய நண்பரைக் காணச் சென்ற மாதம் சென்றிருந்தேன். குடல் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று வருபவர். மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரைகளுக்கு அருகே, மிளகுச் சத்து சேர்த்த குர்குமின் குப்பி ஒன்றும் இருந்தது. 'மஞ்சள்தானே, என்ன செய்துவிடப் போகிறது?' என்றார். நான் மருத்துவன் அல்லன், பொருளாதாரம் கற்பித்தவன். ஆயினும், அந்தக் கேள்வி என்னைத் தேடிப் படிக்க வைத்தது.

நீடித்த அழற்சி புற்றுநோய்க்கு வழிவகுக்கும் என்பது மெய். நாள்பட்ட கல்லீரல் அழற்சி கல்லீரல் புற்றில் முடிவதுண்டு. மஞ்சளின் எடையில் ஏறத்தாழ 3 விழுக்காடு மட்டுமே உள்ள குர்குமின், ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்படும் உயிரணுக்களில் அழற்சியைத் தணிக்கிறது. ஆனால், விழுங்கப்படும் குர்குமினைக் குடலும் கல்லீரலும் விரைவிலேயே உருமாற்றி வெளியேற்றிவிடுகின்றன. குருதியை எட்டுவது மிகச் சொற்பம்.

இங்குதான் மிளகு வருகிறது. 2 கிராம் குர்குமினுடன் மிளகின் பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது, உடலில் சேரும் அளவு 2,000 விழுக்காடு உயர்ந்ததாகப் பெங்களூரு ஆய்வாளர்கள் 1998-இல் அறிவித்தனர். விளம்பரங்கள் இந்த எண்ணை விடுவதே இல்லை. அடிப்படை அளவு சொற்பமாக இருக்கும்போது விழுக்காடு பெரிதாகத் தோன்றும் என்பதை எந்தப் பொருளியல் மாணவரும் அறிவார். அதைவிட முக்கியமானது வேறொன்று: மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளையும் பைப்பரின் தடுக்கிறது. வலிப்பு நோய்க்கான ஃபெனிடோயின் போன்ற சில மருந்துகளின் அளவு அதனால் குருதியில் உயர்கிறது. சிகிச்சையில் இருப்பவருக்கு இது சிறிய செய்தியன்று.

பீட்டா கரோட்டினின் கதை இன்னும் கசப்பானது. காய்கனிகளை மிகுதியாக உண்போருக்கு நுரையீரல் புற்று குறைவு என்று கண்டவர்கள், அவற்றிலுள்ள அந்தச் சத்தே காரணம் எனக் கருதினர். ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் சோதனை நடந்தது. 1994-இல் முடிவு வெளியானபோது, பீட்டா கரோட்டின் மாத்திரை உண்டோரிடம் நுரையீரல் புற்று 18 விழுக்காடு அதிகமாக இருந்தது! அமெரிக்காவில் நடந்த இதுபோன்ற சோதனையும் 1996-இல் முன்கூட்டியே நிறுத்தப்பட்டது.

காய்கனி உண்பவர் குறைவாகப் புகைப்பவராக, நிறைய நடப்பவராக, வசதி படைத்தவராகவும் இருக்கலாம். நன்மையில் எவ்வளவு கீரையால் வந்தது, எவ்வளவு வாழ்க்கை முறையால் வந்தது என்று பிரிப்பது எளிதன்று. கீரையிலும் பயற்றிலும் நார்ச்சத்து முதல் எத்தனையோ பொருள்கள் சேர்ந்தே இருக்கின்றன. ஒன்றை மட்டும் பிரித்துப் பன்மடங்கு செறிவாக்கினால் அது உணவன்று, மருந்து. மருந்துக்குரிய சோதனையை அதனிடமும் கேட்டாக வேண்டும். உலகப் புற்றுநோய் ஆய்வு நிதியமும், புற்றுநோய்த் தடுப்புக்குத் துணைச்சத்து மாத்திரைகளை நம்ப வேண்டாம் என்றே பரிந்துரைக்கிறது. முழுத்தானியம், காய்கனி, பருப்பு வகைகளை உண்ணச் சொல்கிறது.

இவற்றை நண்பரிடம் தொலைபேசியில் சொன்னேன். அடுத்த முறை குப்பியையும் எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டியிருக்கிறார். அவர் முதலில் கேட்டது, 'இதை ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை?' என்பதுதானாம். குப்பி நிறுத்தப்பட்டது. வீட்டு ரசத்தில் மஞ்சளும் மிளகும் வழக்கம்போல் தொடர்கின்றன.