திரையில் வரும் எண்ணை நம்புவதற்கு முன்னர்

நமது பாடசாலைகள் சிலவற்றின் விஞ்ஞான ஆய்வுகூட அலுமாரிகளில் 'பழுது' என்று கடதாசி ஒட்டிய பெட்டிகள் இருக்கின்றன. வெப்பநிலையையோ பீஎச் பெறுமானத்தையோ அளந்து நேரே கணினித் திரையில் வரைபாகக் காட்டும் கருவிகள் அவை. ஆசிரியர்கள் கூப்பிட்டு, அவற்றைத் திறந்து பார்க்கும் வேலை எனக்கு அடிக்கடி வாய்க்கிறது. உண்மையில் பழுதானவை கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் யாரோ ஒருநாள் "இது வேலை செய்யுதில்ல" என்று சொன்னதால் உள்ளே போனவை. அதற்குப் பிறகு எத்தனை பிள்ளைகள் அந்தச் செய்முறையைக் கையால் தொடாமலே பரீட்சைக்குப் போயிருப்பார்கள் என்பதுதான் என் கவலை.

கருவி என்று சொல்கிறோமே தவிர, அது ஒரு சங்கிலி. உணரி வெப்பத்தை வோல்ற்றளவாக மாற்றுகிறது. இடைமுகப் பெட்டி அதை எண்ணாக்குகிறது. கேபிள் எண்ணைக் கொண்டுபோகிறது. மென்பொருள் வரைபு கீறுகிறது. எந்தக் கண்ணி விட்டாலும் பழி உணரியின் தலையில்தான் விழும்.

திரையில் ஒன்றுமே வராவிட்டால் கணினிப் பக்கம் பாருங்கள். தொலைபேசிக்கு மின்னேற்ற மட்டுமே உதவும் கேபிள்கள் உண்டு; அவற்றினூடாகத் தரவு போகாது. விலை குறைந்த ஆர்டுயினோ பலகைகள் பலவற்றில் சீஎச் 340 என்ற சில்லு இருக்கும். பழைய கணினிகளில் அதற்குரிய டிரைவர் மென்பொருளைப் போட வேண்டும். இன்னொரு மென்பொருள் அதே போர்ட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாலும் வழி கிடைக்காது. இவை பத்து நிமிட வேலை.

சிக்கல், எண் வருகிற இடத்தில்தான். இப்போது பரவலாகக் கிடைக்கும் டீஎஸ் 18பி20 வெப்ப உணரியை எடுத்துக்கொள்வோம். அது சிலவேளை 85 என்று காட்டும். அறையில் 85 பாகையா? இல்லை. மின் கிடைத்தும் இன்னும் அளந்து முடிக்கவில்லை என்பதே அதன் பொருள். ஆர்டுயினோவில் வழமையாகப் பாவிக்கும் மென்பொருள் தொகுப்பு -127 என்று காட்டினால் உணரியுடன் தொடர்பே இல்லை. வயர் கழன்றிருக்கும், அல்லது தரவு வயருக்கும் மின் வயருக்கும் இடையில் போட வேண்டிய 4.7 கிலோ ஓம் தடையி இருக்காது. இரண்டும் எண் வேடம் போட்ட முறைப்பாடுகள்.

எல்எம் 35 உணரியின் கதை வேறு. பாகைக்கு 10 மில்லிவோல்ற்று தரும். 5 வோல்ற்றை 1024 படிகளாகப் பிரிக்கும் பலகையில் ஒரு படி ஏறத்தாழ 4.9 மில்லிவோல்ற்று, அதாவது அரைப் பாகை. ஆகவே வரைபு மாடிப்படி மாதிரித்தான் ஏறும், அது பழுதல்ல. ஆனால் மடிக்கணினி 5 வோல்ற்றுக்குப் பதிலாக 4.7 வோல்ற்றே கொடுத்தால், 30 பாகை அறை 32 பாகையாகத் தெரியும். கணினியை மாற்றினால் வெப்பநிலையும் மாறுகிறதென்று ஒரு ஆசிரியை சொன்னபோது அவருடைய சக ஆசிரியர்கள் சிரித்தார்களாம். அவர் கண்டது சரி.

இதற்கெல்லாம் நம்பகமான நடுவர் உருகும் பனிக்கட்டி. நொறுக்கிய ஐஸைக் கொஞ்சத் தண்ணீரில் கலக்கி, நீர் புகாத உணரியை உள்ளே விட்டு, எண் அசையாமல் நிற்கும்வரை பொறுங்கள். பூச்சியத்துக்கு அரைப் பாகைக்குள் நின்றால் நல்லது. கொதிநீரில் மட்டும் கவனம் வேண்டும். மலைநாட்டுப் பாடசாலையொன்றில் உயர்தர மாணவி ஒருத்தி, "சேர், 94லயே நிக்குது, 100க்கு மாத்தி எழுதட்டா?" என்று கேட்டாள். கையில் அழிறப்பரும் தயாராக இருந்தது. ஏறத்தாழ 1,900 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகையளவில்தான் கொதிக்கும், வளியமுக்கம் குறைவு. அவளுடைய ஊரும் அந்த உயரந்தான். "மாத்தாதீங்க புள்ள, உங்கட உணரி சரியாத்தான் சொல்லுது" என்றேன். மென்பொருளில் அளவு திருத்தும் பொத்தானை அழுத்தி அதை 100 ஆக்கியிருந்தால், நல்ல உணரியொன்று அன்றைக்கே பொய் சொல்லப் பழகியிருக்கும்.

உண்மையாகவே சாகக்கூடியது பீஎச் கோல். சுத்தமாக இருக்கட்டும் என்று காய்ச்சி வடித்த நீரில் ஊறவைப்பதே அதற்கு வினை. பொற்றாசியம் குளோரைட்டுக் கரைசலில்தான் வைக்க வேண்டும். காய்ந்து கிடந்தால் அதே கரைசலில் ஓரிரவு ஊறவிட்டு, பீஎச் 4, பீஎச் 7 தாங்கற் கரைசல்களில் மாறி மாறி விட்டுப் பாருங்கள். இரண்டிலும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டினால், கேபிளையும் ஒருமுறை பார்த்துவிட்டு, அந்தக் கடதாசியை அதில் ஒட்டலாம்.