மீண்டும் கண்ட இயந்திர மனிதன்

இன்று ஐம்பது வயதைத் தொட்டும் கடந்தும் நிற்கும் நம் வாசகர்களுள் சிலர், சிறு பிராயத்தில் வெற்றுத் தீப்பெட்டி ஒன்றை நூலால் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு, அதை வாயருகே உயர்த்தி ஆங்கிலத்தில் கட்டளை பிறப்பித்தவர்களாக இருக்கக்கூடும். அவர்களுக்கு 'ஜெயண்ட் ரோபோ' என்று சொன்னாலே போதும். மற்றவர்களுக்குச் சற்று விளக்கிச் சொல்ல வேண்டும்.

சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது 1975-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள். ஆயினும் நம்மைப் போன்ற நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அது எட்டாக்கனியாகவே நெடுநாள் இருந்தது. 1982-இல் வண்ண ஒளிபரப்பு வந்த பிறகுதான், தெருவுக்கு ஒரு பெட்டி இருந்த நிலை மாறி நாலு வீட்டுக்கு ஒரு பெட்டி என்றாயிற்று. வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்', ஞாயிறு மாலைத் திரைப்படம், இவையே பெரியவர்களுடைய திருநாள்கள். சிறுவர்களுக்கென்று ஏதேனும் வராதா என்று ஏங்கியிருந்த அந்த எண்பதுகளின் நடுப்பகுதியில், இராமாயணத் தொடர் வருவதற்கு முன்னரே, ஜப்பானிலிருந்து ஆங்கிலம் பேசிக்கொண்டு வந்து சேர்ந்தான் இந்த இயந்திர மனிதன்.

மயிலாப்பூரில் கச்சேரி சாலையை ஒட்டிய ஒரு சந்தில் நம் குடும்பம் குடியிருந்தது. தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது எதிர்வீட்டு மாமியிடம். பெட்டிக்கு மரக் கதவும் பூட்டும் உண்டு; சாவி மாமியின் இடுப்பில் இருக்கும். "காலை அலம்பிண்டு வாங்கோடா" என்ற ஒரே நிபந்தனைதான். கூடத்துச் சிவப்புத் தரையில் நம் அண்ணனும் நாமும், பாய் வீட்டுப் பிள்ளைகள் மூவரும், மாமியின் பேரனுமாக வரிசையாக அமர்வோம். இடம் கிடைக்காதவர்கள் சன்னற்கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். எங்களில் பலர் தமிழ்வழி படித்தவர்கள். படத்தில் பேசிய ஆங்கிலம் பாதிக்குமேல் விளங்காது. விளங்காத இடங்களை நாங்களே நிரப்பிக்கொண்டோம்.

கதை இதுதான். விண்வெளியிலிருந்து வந்த கில்லட்டின் என்னும் பேரரசன், கடலடியில் விண்கலத்தில் அமர்ந்தபடியே உலகைப் பிடிக்கத் திட்டமிடுகிறான். கார்காயில் கும்பல் அவனுடைய ஏவலாள். அதை எதிர்க்கும் உலக அமைப்புக்கு யூனிகார்ன் என்று பெயர். கும்பலிடம் சிறைப்பட்ட கார்டியன் என்னும் விஞ்ஞானி, அவர்கள் நெருக்குதலால் முப்பது மீட்டர் உயர இயந்திர மனிதன் ஒன்றை உருவாக்கியிருக்கிறார். கடல் அரக்கன் கப்பலைக் கவிழ்த்ததால் அத்தீவில் ஒதுங்கிய ஜானி சோக்கோ என்ற சிறுவனின் கையில், ரோபோவை இயக்கும் கைக்கடிகாரம் வந்து சேர்கிறது. அதில் முதன்முதல் எவர் குரல் பதிகிறதோ அவருக்கு மட்டுமே ரோபோ கட்டுப்படும். சிறுவனின் குரல் பதிந்துவிட்டது. பிறகென்ன? விரல் நுனியிலிருந்து ஏவுகணைகள், வாயிலிருந்து நெருப்பு, கண்ணிலிருந்து கதிர்! எகிப்திய அரசனுடையதைப் போன்ற தலையணியுடன் அது கைகளை உயர்த்தி வானில் எழும்பும்போது கூடமே அதிரும்படி கூவுவோம். உள்ளேயிருந்து மாமி அதட்டுவார்.

மறுநாள் சந்தில் அதையே விளையாடுவோம். தீப்பெட்டியைக் கட்டிக்கொள்பவர் எப்போதும் அண்ணன். ரோபோ வேடம் நமக்கு. தம்பியாகப் பிறந்தவனுக்கு வேறு என்ன வேடம் கிடைக்கும்? "பற", "நில்", "தாக்கு" என்று அவர் சொன்னபடியெல்லாம் செய்வோம். முழங்கால் தேய்ந்த கதை இப்போது வேண்டாம். தியாகராய நகர்ப் பாண்டி பசாரில் ஒரு கடையின் கண்ணாடிக்குப் பின்னால் நின்றிருந்த சாவி கொடுக்கும் பொம்மை ரோபோவை, பண்டிகைத் துணி வாங்கப் போகும்போதெல்லாம் இருவரும் நின்று பார்ப்போம். விலை கேட்கும் துணிவு அப்பாவுக்கும் இல்லை, நமக்கும் இல்லை. அண்மையில் அச்சாலையின் அகன்ற நடைபாதையில் நடந்தபோது அந்தக் கடை இருந்த இடத்தைத் தேடினோம், அடையாளம் தெரியவில்லை.

தொடரின் கடைசிப் பகுதி ஒளிபரப்பான அன்று நேர்ந்தது இது. கில்லட்டின் பேருருவம் எடுத்து நிற்கிறான். தன் உடல் முழுவதும் அணுவாற்றல் என்றும், தன்னைத் தாக்கினால் பூமியே வெடித்துப்போகும் என்றும் மிரட்டுகிறான். யாரும் எதுவும் செய்ய இயலாமல் நிற்கையில், ரோபோ அவனை நோக்கி நடக்கிறது, அவனைப் பற்றுகிறது, மேலே எழும்புகிறது. அந்தக் கணத்தில் மின்சாரம் நின்றது.

மாமி அகல் விளக்கை ஏற்றி வந்தார். கூடத்தில் ஒருவரும் எழவில்லை. அண்ணன் மட்டும் சட்டென்று எழுந்து, அடுத்த சந்தில் இருக்கும் நண்பன் வீட்டுக்கு வேறு மின்தொடர் என்று சொல்லி ஓடினார். விளக்கு மீண்டும் எரிந்தபோது செய்தி வாசித்துக்கொண்டிருந்தார்கள். பாய் வீட்டுப் பெரிய பிள்ளை, எல்லாம் தெரிந்தவன் போல், "ரோபோ செத்துப்போயிருக்கும்" என்றான். வாரந்தோறும் ரோபோவாக இருந்து பழகிய நமக்கு அது தாங்கவில்லை; பன்னிரண்டு வயதுப் பையன் என்ற வெட்கமும் இன்றி அழுதோம். மூச்சிரைக்கத் திரும்பி வந்த அண்ணன், தான் முழுவதும் பார்த்துவிட்டதாகவும், ரோபோ எதிரியை விண்வெளியில் எறிந்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டதாகவும், ஜானி அதன் உள்ளங்கையில் ஏறி நின்றதாகவும் சொன்னார். கண்ணீரைத் துடைத்துக்கொண்டு சோறுண்ணப் போனோம்.

குருமடத்திலும் பல பங்குகளிலும் கழிந்த நாற்பதாண்டுக் காலத்தில் நமக்கு ரோபோவின் நினைவு வந்த நேரங்கள் குறைவு. வந்தபோதெல்லாம் அது ஜானியைக் கையில் ஏந்தி நிற்கும் காட்சியாகவே வந்தது.

அண்ணன் பணி ஓய்வு பெற்று இப்போது அடையாற்றில் மகன் வீட்டில் இருக்கிறார். அவருடைய ஒன்பது வயதுப் பேத்தி நம்மை 'ஃபாதர் தாத்தா' என்று அழைப்பாள். அவளிடம் பேச்சுவாக்கில் இந்த ரோபோவைப் பற்றிச் சொன்னோம். இரண்டு நிமிடத்தில் இணையத்தில் தேடி எடுத்துச் சுவரளவு பெரிய தொலைக்காட்சியில் ஓடவிட்டாள். இருபத்தாறு பகுதிகள். திங்கள்தோறும் மாலையில் அடையாறு சென்று, அண்ணன், பேத்தி, நாம் என்று மூவருமாக இரண்டிரண்டு பகுதிகளாகப் பார்த்து முடித்தோம். வீடுதோறும் தொலைக்காட்சி புகுந்து குடும்பச் செபத்தைக் கெடுத்துவிட்டது என்று நாம் ஆற்றிய பிரசங்கங்களை அண்ணன் ஒவ்வொரு திங்களும் தவறாமல் நினைவூட்டினார்.

முதல் மாலை பெரும் ஏமாற்றம் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். அன்று மலைபோல் தெரிந்த அரக்கர்கள், ரப்பர்த் தோலுக்குள் புகுந்த மனிதர்கள். இடிந்து விழும் மாடிகள் அட்டைப் பெட்டிகள். விமானங்களைத் தாங்கும் கம்பி கண்ணுக்குத் தெரிகிறது. நகரத்தையே நடுங்கவைத்த மாபெரும் கண் ஒன்று உருண்டு வருமே, அதைக் கண்டு பேத்தி வயிறு குலுங்கச் சிரித்தாள். விட்டலாச்சார்யா படங்களின் பூதங்களை நம்பிய தலைமுறை நாம். இதையும் நம்பியதில் வியப்பில்லை. கதையும் பெரும்பாலும் ஒரே அச்சு: சதி, அரக்கன், ஜானி பிடிபடுதல், ரோபோ வருகை. பத்து வயதுப் பையனிடம் துப்பாக்கியைக் கொடுத்து ஆளைச் சுடவைத்திருப்பதும் நமக்கு இப்போது உவப்பாக இல்லை. நாலாவது ஐந்தாவது பகுதிக்குப் பிறகு அண்ணன் இடையிடையே கண்ணயர்ந்தார்.

எனினும், அன்று நம் கண்ணில் படாத ஒன்று இம்முறை முதற் பகுதியிலேயே பட்டது. அந்த விஞ்ஞானி கார்டியன். சிறுவர்களாகிய நாங்கள் ரோபோ எப்போது எழும் என்று காத்திருந்தோமே தவிர, அந்த மனிதர் என்ன செய்கிறார் என்று பார்க்கவேயில்லை. தாம் படைத்தது கொடியவர் கையில் சேரக்கூடாது என்று அவர் அணுகுண்டு ஒன்றை மறைத்து வைத்திருக்கிறார். சிறுவனையும் அவன் துணைவன் ஜெரி மானோவையும் தப்பவிட்டுத் தாம் மடிகிறார். அந்த வெடிப்பின் ஆற்றலில்தான் ரோபோ கண் விழிக்கிறது. கடைசிப் பகுதியில் ரோபோ செய்யப்போவதை, அதைப் படைத்தவர் முதற் பகுதியிலேயே செய்து காட்டிவிட்டார்.

அணுகுண்டில் விழித்தெழும் ஒரு காவலன், தன் உடலே அணுகுண்டாகிய ஒரு பகைவன்! எங்களுக்கு அது வெறும் மாயாசாலம். ஆனால் இத்தொடர் ஜப்பானில் முதன்முதல் ஒளிபரப்பானது 1967 அக்டோபர் முதல் 1968 ஏப்ரல் வரை. இரோசிமாவும் நாகசாகியும் எரிந்து இருபத்திரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. அங்கே பெட்டியின் முன் அமர்ந்த பிள்ளைகளின் பின்னால், அந்நாளைக் கண்ட பெற்றோர் அமர்ந்திருந்திருப்பார்கள். கதையைப் படைத்த மிட்சுதெரு யோகோயாமா 1934-இல் கோபே நகரில் பிறந்தவர். போரின் இறுதியாண்டில் கோபே குண்டுவீச்சில் எரிந்தபோது அவர் நம் சந்துப் பிள்ளைகளின் வயதினர். 1956-இல் அவர் வரையத் தொடங்கிய 'தெத்சுஜின் 28' என்ற சித்திரக்கதையிலும் ஒரு சிறுவனும் ஓர் இரும்பு மனிதனும் உண்டு. போருக்காகவே செய்யப்பட்ட இயந்திரம் அது. கட்டுப்பாட்டுக் கருவி எவன் கையில் இருக்கிறதோ அவன் ஏவலைச் செய்யும், நல்லவனாயினும் கெட்டவனாயினும். அதன் பிறகு வந்த ஜெயண்ட் ரோபோவில்தான் அந்தக் கருவி ஒரே குரலுக்கு மட்டும் செவிசாய்க்கும்படி ஆயிற்று. இயந்திரத்துக்கு மனச்சான்று இல்லை, ஆகையால் அதை ஒரு குழந்தையின் குரலோடு கட்டிவிடலாம் என்று அவர் கருதினாரோ என்று நமக்குத் தோன்றியது. இது நம் ஊகமே.

யோகோயாமா 2004-இல் தம் இல்லத்தில் நேர்ந்த தீவிபத்தில் மாண்டார். 1995 சனவரியில் நிலநடுக்கத்தால் சிதைந்த கோபே நகரின் நாகதா பகுதியில், மீட்சியின் அடையாளமாகப் பதினெட்டு மீட்டர் அளவுள்ள தெத்சுஜின் சிலை 2009-இல் எழுப்பப்பட்டது. இடிபாடுகளிலிருந்து மீண்ட ஊர், யாரையோ வென்ற படைத்தலைவனுக்குச் சிலை வைக்காமல் தன் பிள்ளைகள் படித்த சித்திரக்கதை வீரனுக்கு வைத்தது நமக்குப் பிடித்திருக்கிறது.

கடைசித் திங்கள் வந்தது. அன்று மட்டும் அண்ணன் உறங்கவில்லை. நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். கில்லட்டின் பேருருவம் எடுத்தான். ரோபோ அவனை நோக்கி நடந்தது. மாமி வீட்டில் இருட்டு விழுந்த அந்த இடம் வந்ததும் நம்மையறியாமல் மேலே விளக்கைப் பார்த்தோம்.

மின்சாரம் நிற்கவில்லை. ரோபோ பகைவனைப் பற்றிக்கொண்டு விண்ணில் ஏறுகிறது. அப்படி ஏறும்படி ஜானி கட்டளையிடவேயில்லை. திரும்பி வா, திரும்பி வா என்று அவன் கடிகாரத்தில் கதறுகிறான். இருபத்தைந்து பகுதிகளில் ஒரு சொல்லுக்கும் மறுப்புக் காட்டாத ரோபோ அந்தக் குரலுக்குச் செவிசாய்க்காமல் போய்க்கொண்டே இருக்கிறது. எதிரே ஒரு விண்கல். மோதி வெடிக்கிறது. கீழே ஒரு சிறுவன் கையில் கடிகாரத்துடன் அழுதுகொண்டு நிற்கிறான். அவ்வளவுதான். உள்ளங்கையும் இல்லை, திரும்பி வருதலும் இல்லை.

நாம் அண்ணனைத் திரும்பிப் பார்த்தோம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அன்று தான் ஓடிப்போன நண்பன் வீட்டிலும் இருட்டுத்தான் என்றார். அந்தச் சந்து முழுவதும் இருட்டு. வாசலில் சற்று நேரம் நின்றுவிட்டு, தம்பி அழுதுகொண்டிருப்பானே என்று வழியிலேயே கதை கட்டிக்கொண்டு வந்தாராம். இந்த முடிவைத் தாமும் இன்றுதான் முதன்முறையாகப் பார்ப்பதாகச் சொன்னார். கட்டளையை மீறியல்லவா போய்விட்டது என்று இரண்டு முறை தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். தீப்பெட்டி கட்டியவரின் வருத்தம் அது; ரோபோவாக இருந்தவனுக்கு அதில் ஒரு பெருமிதமும் இருந்ததை அவரிடம் சொல்லவில்லை.

பேத்தி கம்பியையும் கவனிக்கவில்லை, சிரிக்கவும் இல்லை. திரை இருண்ட பிறகும் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தாத்தா, ரோபோ திரும்பி வந்துச்சா?" என்றாள்.

"வந்துச்சு கண்ணு. அடுத்த வாரம் வந்துச்சு," என்றார் அண்ணன், சற்றும் தயங்காமல்.

அவள் கருவியைக் கையில் எடுத்துப் பட்டியலை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். "இதில் இருபத்தாறுதானே இருக்கு?"

"அது இதில் இருக்காது. அந்தக் காலத்தில் சென்னைத் தொலைக்காட்சியில் மட்டும்தான் போட்டார்கள். வேண்டுமானால் ஃபாதர் தாத்தாவைக் கேட்டுப்பார்."

அவள் நம் பக்கம் திரும்பினாள். பொய் சொல்லாதிருப்பாயாக என்ற கற்பனையை மறைக்கல்வி வகுப்பில் முப்பது ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறோம். ஆறிப்போன காப்பியைக் கையில் எடுத்து, மிக நிதானமாகக் குடிக்கத் தொடங்கினோம்.