ஓலை வாசிக்கும்போது யாரும் எழுந்திருப்பதில்லை

"நாங்க ஒண்ணும் கேக்கல. உங்க பிள்ளைக்கு நீங்க செய்யிறதச் செய்யுங்க."

நெல்லை, தூத்துக்குடி, குமரி மாவட்டங்களில் கிறிஸ்தவ வீட்டுச் சம்பந்தப் பேச்சில் ஒருமுறையாவது உட்கார்ந்தவர்களுக்கு இந்த வசனம் மனப்பாடம். 'செய்யிறது' எவ்வளவு என்பது தரகர் வழியாக முன்கூட்டியே வந்து சேர்ந்திருக்கும். மாப்பிள்ளை வளைகுடாவில் என்ஜினீயர் என்றால் ஒரு கணக்கு, பள்ளிக்கூட வாத்தியார் என்றால் ஒரு கணக்கு. பேச்சு ஜெபத்தோடு தொடங்கும். காபியும் மிக்சரும் வந்துபோன பிறகு பெரியப்பா ஒருவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுப்பார். நகை இத்தனை பவுன், ரொக்கம் இத்தனை, கார் உண்டா, மண்டபச் செலவு யாருடையது. எழுதிய தாள் மடிக்கப்பட்டதும் மறுபடி ஜெபம். காரியத்தைக் கைகூடி வரச் செய்த ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு எல்லோரும் சாப்பிடப் போவார்கள்.

தவக்காலம் வந்தால் அன்றாட வாழ்வில் விசுவாசம் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று எந்த ஆசிரியர் குழுவுக்கும் தோன்றும். நாற்பது நாள் ஒருசந்தி, கைப்பேசி நோன்பு, ஆபீசில் கை நீட்டாமல் காலம் தள்ளுவது, ஞாயிற்றுக்கிழமையில் வந்து விழும் போட்டித் தேர்வு என்று எழுத நிறைய இருக்கிறது. ஆனால் விசாரித்த இடமெல்லாம் பேச்சு கல்யாணத்தில்தான் வந்து முட்டியது. மற்றதிலெல்லாம் சறுக்கினால் தனியாகச் சறுக்கலாம். இதில் மட்டும் இரண்டு குடும்பம், ஒரு சபை, ஒரு குருவானவர் என்று எல்லோரும் சேர்ந்தே சறுக்குகிறார்கள்.

சபைப் பத்திரிகைகளின் கடைசிப் பக்கங்களைப் புரட்டினாலே போதும். இரட்சிக்கப்பட்ட, ஞானஸ்நானம் பெற்ற, ஊழிய வாஞ்சையுள்ள மணமகள் தேவை என்று தொடங்கும் விளம்பரம் சாதிப் பெயரில் போய் முடியும். நிறமும் உயரமும் நடுவில் இருக்கும். பரலோகத் தகுதியையும் பூலோகத் தகுதியையும் நான்கே வரியில் அடக்கிவிடுகிற திறமையைப் பாராட்டத்தான் வேண்டும்.

சம்பந்தம் முடிவானதும் அடுத்தது ஓலை வாசிப்பு. தொடர்ந்து மூன்று ஞாயிறு, ஆராதனையில் மணமக்களின் பெயரையும் பெற்றோர் பெயரையும் ஊரையும் வாசித்து, இந்த விவாகத்துக்குத் தடை இருப்பதாக அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று குருவானவர் கேட்பார். சபையில் பாதிப் பேருக்குப் பவுன் கணக்கு தெரியும். எந்த வங்கியில் நகைக்கடன், எந்தத் தோப்பு கைமாறியது என்பதுவரை தெரிந்தவர்கள் முன்வரிசையிலேயே இருப்பார்கள். யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். விலக்கப்பட்ட உறவுமுறை, முதல் தாரம் உயிரோடு இருக்கிறது என்றால் மட்டுமே அது தடை. 1961-ம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டப்படி வாங்குகிறவரோடு கொடுக்கிறவரும் குற்றவாளி. குறைந்தது ஐந்தாண்டு சிறை. அது ஒரு தடையாக யாருக்கும் படுவதில்லை.

அந்தச் சட்டத்தில் ஒரு வாசல் உண்டு. யாரும் கேட்காமல், வழக்கப்படி, வசதிக்கு மீறாமல் கொடுக்கும் அன்பளிப்பு குற்றமாகாது. ஆனால் அதைப் பட்டியலிட்டு மணமக்கள் கையெழுத்துப் போட்டு வைத்திருக்க வேண்டும் என்று 1985-ல் வந்த விதிகள் சொல்கின்றன. கல்யாணம் முடிந்ததும் விவாகப் பதிவேட்டில் கையெழுத்துப் போட மாப்பிள்ளையும் பெண்ணும் சாட்சிகளும் வரிசையில் நிற்கிறார்கள். அதே மேசையில் இன்னொரு தாளை வைக்க எவ்வளவு நேரம் பிடிக்கும்? இதைச் சொன்னபோது பல சபைகள் சேர்ந்த ஒரு சேகரத்தின் கமிட்டி உறுப்பினர் சிரித்தேவிட்டார். "அப்புறம் யாருங்க நம்ம கோயிலுக்குக் கல்யாணத்துக்கு வருவா?"

பெண்ணுக்குச் சொத்தில் சேரவேண்டிய பங்கைத்தானே கொடுக்கிறோம் என்று பெற்றோர் சொல்வதும் உண்டு. குமரியும் அடங்கியிருந்த திருவிதாங்கூரில் கிறிஸ்தவர்களுக்கான 1916-ம் ஆண்டு வாரிசுச் சட்டம் இருந்த காலத்தில் அந்தப் பேச்சுக்கு ஓர் அர்த்தம் இருந்தது. மகனின் பங்கில் கால்வாசி அல்லது ஐயாயிரம் ரூபாய், இதில் எது குறைவோ அதுதான் மகளுக்கு. சீதனம் கொடுத்திருந்தால் அதுவும் கிடையாது. அந்தச் சட்டத்தின் ஆயுள் 1951-லேயே முடிந்துவிட்டது என்று 1986-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இப்போதுள்ள வாரிசுரிமைச் சட்டத்தில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. அவள் பங்குதான் என்றால் அவள் பெயரில் எழுத வேண்டியதுதானே, மாமனாரின் கடனை அடைக்க ஏன் போகிறது?

இதே மண்ணில்தான் விசுவாசம் ஒருகாலத்தில் பெண்ணின் உடம்பு வரைக்கும் வந்து வேலை செய்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென் திருவிதாங்கூரில் கிறிஸ்தவம் தழுவிய பெண்கள் குப்பாயம் என்ற மேல்சட்டை போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனார்கள். மேல்சாதியினர் ஆடையைக் கிழித்தார்கள், அடித்தார்கள், கோயில்களைக் கொளுத்தினார்கள். பெண்கள் பின்வாங்கவில்லை. 1859-ல் அரசு இறங்கிவந்து மேலாடைக்கு அனுமதி தந்தது. அப்போதும் மேல்சாதிப் பெண்கள் உடுத்தும் மாதிரி கூடாது என்ற நிபந்தனையோடு. இந்தத் தோள்சீலைப் போராட்டத்தைப் பற்றிச் சபை ஆண்டுவிழாக்களில் நாடகம் போடாத ஊர் குறைவு. அந்த நாடகத்தில் நடித்த பெண்ணின் கழுத்துக்கு அடுத்த வருஷம் எத்தனை பவுன் என்று பேரம் நடக்கிறது.

என்னை உறுத்துவது பவுனைவிட ஓலை நேரத்தில் யாரும் வாய் திறக்காத அந்தப் பேசாமைதான். சபைக்கு ஒழுங்கு நடவடிக்கை எடுக்கத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. பிற மதத்துப் பையனைக் கட்டிய மகளுக்கு நற்கருணை நிறுத்தப்பட்ட குடும்பங்களை எனக்குத் தெரியும். ஓடிப்போய்ப் பதிவுத் திருமணம் செய்தவர்களைத் திரும்பச் சேர்க்க மன்னிப்புக் கடிதம் கேட்ட சேகரங்கள் உண்டு. ரொக்கம் எண்ணி வாங்கியதற்காக நற்கருணைப் பந்தியிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட மாப்பிள்ளையை இதுவரை கேள்விப்பட்டதில்லை. வரதட்சணைக்கு எதிராகச் சுற்றறிக்கை வருகிறது, பெண்கள் ஐக்கிய சங்கத்தில் உறுதிமொழி எடுக்கிறார்கள், பிரசங்கமும் நடக்கிறது. பிரசங்கம் செய்கிறவர் வீட்டிலும் கல்யாண வயதில் பிள்ளை இருக்கிறதே.

இதில் அதிகம் அடிபடுவது சபையின் கீழ்ப்படியில் இருக்கிறவர்கள். கிராமத்து உபதேசியார் ஒருவருக்கு மூன்றும் பெண்கள். காலையில் மணியடித்து ஆராதனை நடத்தி, நோயாளி வீட்டுக்குப் போய் ஜெபித்து, பிடியரிசிக் காணிக்கையைக் கணக்குப் பார்த்து ஒப்படைக்கிற மனிதர். மூத்தவளைக் கொடுக்க வாங்கிய கடன் தீருமுன் இரண்டாமவள் டீச்சர் டிரெயினிங் முடித்துவிட்டாள். சங்கத்தில் முன்பணம், சொசைட்டியில் கடன், மைத்துனரிடம் கைமாற்று என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். சம்பந்தி வீட்டார் எப்படி என்று கேட்டேன். "நல்ல விசுவாசக் குடும்பம் சார். தினமும் குடும்ப ஜெபம் உண்டு" என்றார். கிண்டல் எதுவும் அந்தக் குரலில் இல்லை.

விதிவிலக்கு இல்லாமலா போகும்? தூத்துக்குடிப் பக்கம் ஒரு பையன், ஒன்றுமே வேண்டாம், கல்யாணச் செலவில் பாதி என்னுடையது என்று பெண் வீட்டில் நேராகச் சொல்லிவிட்டான். வாலிபர் ஐக்கியத்தில் வளர்ந்தவன். படித்ததைச் செய்து பார்க்கலாம் என்று நினைத்திருக்கிறான். பெண் வீட்டில் அன்று இரவு யாருக்கும் தூக்கம் இல்லை. பையனுக்கு ஏதாவது நோய் இருக்குமோ, வேலை போய்விட்டதோ, ஏற்கெனவே ஒரு கல்யாணம் ஆனவனோ? பெண்ணின் தாய்மாமா அவன் வேலை பார்த்த கம்பெனிக்கும், குடியிருந்த தெருவுக்கும், பழைய சபைக்கும் போய் விசாரித்தார். ஒரு குறையும் இல்லை என்று நிச்சயமான பிறகுதான் முதல் ஓலைக்குப் பெயர் கொடுத்தார்கள்.