பழைய ‘கைடு’ தின்னும் மார்க்: ஒரு கிளை நூலகர் உண்மையில் என்ன வேலை பார்க்கிறார்?

சீர்காழி எந்த மாவட்டத்தில் இருக்கிறது? 1990-ல் அச்சான புத்தகம் தஞ்சாவூர் என்று சொல்லும். 2015-ல் அச்சான கைடு நாகப்பட்டினம் என்று சொல்லும். இன்றைக்குச் சரியான விடை மயிலாடுதுறை. மூன்றுமே அச்சான காலத்தில் சரிதான். ஆனால், மூன்றும் ஒரே அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் நின்றால், குரூப் 4-க்குப் படிக்க வருபவர் எதை எடுப்பார்? பெரும்பாலும் கைக்கு முதலில் கிடைப்பதை.

ஒரு கேள்விக்கு 1.5 மதிப்பெண். அந்த ஒரு கேள்வியில் ரேங்க் எங்கேயோ போய்விடும். இதைத் தடுக்கிற இடத்தில் இருப்பவர் ஊர் நூலகர். புத்தகத்தைப் பராமரிப்பதும் வேலை தேடுபவருக்கு உதவுவதும் தனித்தனி வேலை மாதிரித் தெரியும். பட்டுக்கோட்டை மாதிரியான ஊர்களில் இரண்டும் ஒன்றுதான். எப்படி?

போட்டி எவ்வளவு கடுமை?

2025 ஜூலையில் நடந்த குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 3,935. விண்ணப்பித்தவர்கள் 13 லட்சத்துக்கும் மேல். ஓர் இடத்துக்கு 300 பேருக்கு மேல் மோதுகிறார்கள். கல்வித் தகுதி பத்தாம் வகுப்புதான் என்றாலும், பட்டதாரிகளும் இன்ஜினீயரிங் முடித்தவர்களும் இதே வரிசையில்தான் நிற்கிறார்கள்.

டெல்டாவில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. நெல்லுக்கு மேட்டூர் தண்ணீரையும் மழையையும் பார்க்க வேண்டும். தென்னைக்கு என்ன ஆகும் என்பதை 2018 நவம்பர் 16-ல் கரை கடந்த கஜா புயல் காட்டியது. பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தோப்பு தோப்பாக மரங்கள் சாய்ந்தன. நெட்டை ரகத் தென்னங்கன்று நட்டால் காய்ப்புக்கு வர ஐந்தாறு வருஷமாவது ஆகும். மாதாமாதம் சம்பளம் வரும் ஒரு வேலை வீட்டில் ஒருவருக்காவது வேண்டும் என்ற எண்ணம் அங்கே சும்மா வந்ததில்லை.

தஞ்சாவூருக்கோ சென்னைக்கோ போய், ரூம் எடுத்து, கோச்சிங்குக்குப் பணம் கட்ட எல்லோராலும் முடியாது. முடியாதவர்களுக்கு மிச்சம் இருப்பது ஊர் நூலகத்தின் மேசை, நாற்காலி, ஃபேன், புத்தகம். உள்ளே உட்கார்ந்து படிக்கக் கட்டணம் கிடையாது.

“சார், எந்த புக் படிக்கணும்?”

நூலகர் அதிகம் கேட்கிற கேள்வி இதுதான். பதில் சொல்ல, தேர்வு எப்படி இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

குரூப் 4-ல் மொத்தம் 200 கேள்விகள், 300 மதிப்பெண்கள். அதில் 100 கேள்விகள் தமிழ். 75 பொது அறிவு. 25 திறனறிவு. தமிழ்ப் பகுதியில் 150-க்குக் குறைந்தது 60 எடுக்காவிட்டால் அடுத்த பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். முன்பு பொதுத்தமிழ், பொது ஆங்கிலம் இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். 2021 டிசம்பரில் வந்த அரசாணைக்குப் பிறகு தமிழ் கட்டாயமாகிவிட்டது. ஆக, அதற்கு முன் வந்த ‘குரூப் 4 பொது ஆங்கிலம்’ கைடு எவ்வளவு புதுசாக மின்னினாலும் இந்தத் தேர்வுக்கு உதவாது.

பள்ளிப் பாடப்புத்தகங்களிலும் இதே சிக்கல். 2010, 2011-ல் சமச்சீர் கல்விப் புத்தகங்கள் வந்தன. 2018-19-ல் 1, 6, 9, 11 வகுப்புகளுக்கும், அடுத்த ஆண்டு மற்ற வகுப்புகளுக்கும் புதிய புத்தகங்கள் வந்தன. இரண்டு தலைமுறைப் புத்தகங்களும் தானமாக நூலகத்துக்கு வந்து சேர்ந்திருக்கும். எது பழசு, எது புதுசு என்று பிரித்து வைப்பது அரை நாள் வேலை. அதைச் செய்யாவிட்டால், படிக்க வருகிற ஒவ்வொருவருக்கும் எத்தனையோ நாள் வீண்.

புத்தகம் மட்டும் போதுமா?

போதாது. டிஎன்பிஎஸ்சி-க்கு முதலில் ஒருமுறைப் பதிவு செய்ய வேண்டும். கட்டணம் 150 ரூபாய், ஐந்து வருஷத்துக்குச் செல்லும். அதைச் செய்துவிட்டு, “அப்ளை பண்ணியாச்சு” என்று நிம்மதியாக இருந்துவிடுகிறவர்கள் உண்டு. அது வெறும் பதிவு. ஒவ்வொரு தேர்வுக்கும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. குரூப் 4-க்கு அதைக் கேட்க வேண்டுமென்றால் ஒன்றாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். அதற்குப் படித்த பள்ளியில் சான்றிதழ் வாங்க வேண்டும். இரண்டு மூன்று பள்ளி மாறிப் படித்தவர் என்றால் ஒவ்வொன்றிலும் வாங்க வேண்டும். கடைசி வாரத்தில் ஓடினால் கிடைக்காது. “சர்டிபிகேட் வாங்கிட்டியாப்பா?” என்று ஒரு நூலகர் முன்கூட்டியே கேட்பது, ஒரு மாதிரித் தேர்வு எழுதுவதற்குச் சமம்.

அவர் செய்யக் கூடாததும் உண்டு. மற்றவர்களின் பாஸ்வேர்டையோ ஓடிபி-யையோ வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது. “இந்த வேலை உறுதி” என்று எதையும் சொல்லக் கூடாது. பாடம் நடத்துவதும் அவர் பொறுப்பு இல்லை. அதற்கு மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் இலவச வகுப்புகள் நடக்கின்றன. அந்த வழியைக் காட்டிவிட்டாலே பாதி உதவி முடிந்தது.

அலமாரிக்குப் பின்னால் நடப்பது என்ன?

ஒரு புத்தகம் வந்தால் நேராக அலமாரிக்குப் போகாது. பதிவேட்டில் ஏற்றி, வரிசை எண் கொடுத்து, முத்திரை குத்தி, பொருள் வாரியாகப் பிரித்து, எண் ஒட்டிய பிறகுதான் வாசகர் கைக்கு வரும். மாற்றி வைத்த புத்தகம், தொலைந்த புத்தகம் மாதிரிதான். அதனால் தினமும் அலமாரியைச் சரிபார்க்க வேண்டும். குறிப்புதவி நூல்களை வீட்டுக்குக் கொடுக்காமல் உள்ளேயே வைத்திருப்பதும், இன்றைக்கு வருபவருக்குக் கிடைப்பது நாளைக்கு வருபவருக்கும் கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான்.

டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகை அடைமழை புத்தகத்துக்கு எதிரி. ஈரம் ஏறினால் பூஞ்சை பிடிக்கும், பின்னாலேயே கரையானும் வெள்ளிப்பூச்சியும் வரும். சுவரை ஒட்டாமல் அலமாரியை நகர்த்தி வைப்பது, கீழ்த் தட்டைக் காலியாக விடுவது, வெயில் வந்ததும் ஜன்னலைத் திறந்து காற்றோட்டம் விடுவது எல்லாம் இதற்காக. தஞ்சை சரசுவதி மகாலில் ஓலைச்சுவடிகளைப் பூச்சியிடமிருந்து காக்க வசம்பு, கருஞ்சீரகம், மிளகு, கிராம்பு, பட்டை பொடித்து முடிச்சாகக் கட்டி வைக்கும் பழக்கம் இருந்தது. கிளை நூலகத்தின் தினசரிப் போராட்டமும் அதே பூச்சியோடுதான்.

இதில் கஷ்டமான வேலை, கழிப்பது. அரசுப் பணத்தில் வாங்கிய புத்தகத்தை நினைத்தபடி தூக்கிப் போட முடியாது. முறைப்படி பட்டியல் போட்டு, அனுமதி வாங்கி நீக்க வேண்டும். அதுவரை காலாவதியான கைடுகளைத் தனியே ஒதுக்கி, முகப்பில் ஆண்டைப் பெரிதாக எழுதி வைக்கலாம். நூலகருக்கு உடனே சாத்தியமானது அதுதான். பல கிளை நூலகங்களில் இத்தனையும் பார்ப்பவர் ஒரே ஆள்.

இது டெல்டாவின் சொத்து

இந்திய நூலக இயலின் தந்தை எஸ்.ஆர்.ரங்கநாதன் பிறந்தது 1892-ல், அதே சீர்காழியில். 1931-ல் வெளிவந்த அவருடைய ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துவது பற்றியது. பழைய கைடை ஒதுக்கி வைக்கும் நூலகர் செய்வது அதைத்தான். அதே ஆண்டு அக்டோபரில், பட்டுக்கோட்டைக்குப் பக்கத்து ஊரான மன்னார்குடியை அடுத்த மேலவாசலில், மாட்டுவண்டியில் நடமாடும் நூலகம் கிளம்பியது. அதை உருவாக்கியவர் கனகசபைப் பிள்ளை. ஆள் புத்தகத்தைத் தேடி வர முடியாதபோது, புத்தகம் ஆளைத் தேடிப் போனது.

1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் இப்படி ஒரு சட்டம் இதுதான் முதல். அதன்படி சொத்து வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. இப்போது அது சொத்து வரியில் 10 சதவீதம். 1,000 ரூபாய் சொத்து வரி என்றால் 100 ரூபாய் நூலகத்துக்கு. அதனால், நூலகத்தில் உட்கார்ந்து படிப்பவர் யாருடைய தயவிலும் படிக்கவில்லை.

நீங்கள் என்ன செய்யலாம்?

* எந்த கைடை எடுத்தாலும் முதலில் அச்சான ஆண்டைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள் என்று போட்டிருந்தால் மூடி வைத்துவிடலாம். இப்போது 38.
* வேலை கிடைத்துவிட்டதா? உங்கள் புத்தகங்களை எடைக்குப் போடுவதற்கு முன் நூலகரிடம் கேளுங்கள். இந்த வருஷத்துக் கைடு இந்த வருஷமே போய்ச் சேர்ந்தால்தான் பயன்.
* தேவையான புத்தகம் இல்லையென்றால் எழுதிக் கொடுங்கள். நூல் தேர்வு பெரும்பாலும் மேலே நடப்பதால், எழுத்தில் இருக்கும் கோரிக்கைதான் நூலகருக்குக் கை கொடுக்கும்.
* சம்பளம் வாங்க ஆரம்பித்தவர்கள் 1,000 ரூபாய் செலுத்தி நூலகப் புரவலர் ஆகலாம். வாசகர் வட்டத்திலும் சேரலாம்.
* படித்து முடித்த புத்தகத்தை நீங்களே அலமாரியில் செருகாதீர்கள், மேசையிலேயே வைத்துவிடுங்கள். தப்பான இடத்தில் போன ஒரு புத்தகத்தை, தேர்வுக்கு முந்தின வாரம் யாரோ ஒருவர் தேடிக்கொண்டிருப்பார்.