இருதய நோயும் நோயாளியின் வாய்மொழியும்

1768ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், லண்டன் மாநகரத்து ராயல் வைத்தியக் கல்லூரியில் வில்லியம் ஹெபர்டன் என்னும் வைத்தியர் ஒரு கட்டுரை வாசித்தார். மார்பின் ஒலியைக் கேட்க உதவும் ஸ்டெதாஸ்கோப் 1816ஆம் ஆண்டில்தான் தோன்றிற்று, ஈ.சி.ஜி. கருவியோ அதற்கும் வெகுகாலம் பிந்தியது. இவ்வித சாதனம் ஏதுமின்றி, ரோகிகள் சொன்னவற்றைப் பொறுமையுடன் கேட்டே, நடக்கும்போதும், அதிலும் மேடேறும்போதும், உண்டபின் நடக்கும்போதும், உயிரே போய்விடுமோ என்று அஞ்சும்படி மார்பை இறுக்கிப் பிடித்து, நின்ற மாத்திரத்தில் அறவே மறைந்துவிடும் ஒரு வியாதியை அவர் வர்ணித்து, அதற்கு ஆஞ்ஜைனா பெக்டோரிஸ் என்று நாமகரணமும் செய்தார். இருதயத்துக்கு உதிரம் கொணரும் நாளங்கள் குறுகுவதே அதன் காரணம் என்பதை அவர் அறியார். ஆயினும் அவருடைய வர்ணனை இன்றளவும் பிழைபடவில்லை.

ஆகவே, எப்போது வருகிறது, எதனால் தணிகிறது என்னும் இரண்டு கேள்விகளே விசாரணையின் உயிர்நாடி. சிரமப்படும்போது தோன்றி, ஓய்வெடுத்தால் சில நிமிஷங்களில் அடங்கி, தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் வேதனை பெரும்பாலும் இருதயத்தைச் சார்ந்தது. கணநேரம் ஊசி குத்தினாற்போல் தோன்றி மறைவது பெரும்பாலும் அன்று. "வலிக்கிறதா?" என்று மட்டும் கேட்கும் வைத்தியர் ஏமாறக்கூடும். "வலியெல்லாம் இல்லை ஐயா, பாரம் வைத்தாற்போல் இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டே மூடிய முஷ்டியை மார்பின் நடுவில் வைத்துக் காட்டுவோர் பலர். அதை வாயுப் பிடிப்பென்று எண்ணி, ஓமத் தண்ணீரும் சோடாவும் குடித்துக் காலத்தைக் கழிப்பது நம் வீடுகளில் சகஜமாயிருப்பது மிகவும் வருந்தத்தக்கது.

எல்லாவற்றிலும் அருமையான கேள்வி என்று நான் கருதுவது, "முன்பு செய்த எந்த வேலையை இப்போது விட்டுவிட்டீர்கள்?" என்பதே. மாடிப்படி ஏறினால் மூச்சு முட்டுகிறதென்று கீழ் அறைக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டவர், தமக்கு யாதொரு குறையும் இல்லையென்று மனமாரச் சொல்வார். வயோதிகத்தின் மேல் பழியைப் போட்டு, வியாதிக்குத் தக்கபடி தம் வாழ்க்கையையே சுருக்கிக்கொண்டிருப்பதை அவரே அறியமாட்டார். எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறார், நடுநிசியில் மூச்சுத் திணறி எழுந்து உட்காருகிறாரா, மாலையில் கணுக்கால் வீங்குகிறதா என்பவற்றையும் கேட்டறிய வேண்டும். படபடப்பு என்பாரிடம், அந்தத் துடிப்பை மேஜைமேல் விரலால் தட்டிக் காட்டச் சொன்னால், அது சீரானதா தாறுமாறானதா என்பது புலப்படும். மயங்கி விழுந்தவரைவிட அதை நேரில் கண்டவர் சொல்வதே அதிகம் பயன்படும்.

பால்யத்தில் காய்ச்சலும் மூட்டு வீக்கமும் வந்ததுண்டா என்று கேட்பதும் அவசியம். அந்த ருமாட்டிக் ஜுரம் இருதய வால்வுகளைப் பழுதாக்கியிருந்தும் வெளித்தெரியாமலிருந்து, கர்ப்ப காலத்தில் மூச்சிரைப்பாக முதன்முதல் தலைகாட்டுவதுண்டு.

நீரிழிவு உடையோருக்கும் முதியோருக்கும், பெண்கள் சிலருக்கும், மாரடைப்பே மார்வலியின்றி, வெறும் மூச்சிரைப்பாகவோ, வியர்வையாகவோ, காரணமற்ற அசதியாகவோ வரக்கூடும். ஓய்விலும் தணியாத மார்புப் பாரத்துடன் வியர்த்துக் கொட்டும் ஒருவரிடமோ விசாரணையை நீட்டலாகாது. அவருக்கு உடனே ஈ.சி.ஜி. எடுத்தாக வேண்டும், எஞ்சிய கேள்விகளைச் சிகிச்சை நடக்கையிலேயே கேட்டுக்கொள்ளலாம்.