ஒரு காலில் மட்டும் வீக்கம்

1954-ஆம் ஆண்டு டிசம்பர் 23-ஆம் தேதி பாஸ்டன் நகரத்தில் டாக்டர் ஜோசப் முர்ரே ஒருவருடைய சிறுநீரகத்தை அவருடைய இரட்டைச் சகோதரருக்குப் பொருத்தி வெற்றி கண்டபோது, இருவரும் ஒரே கருவிலிருந்து பிரிந்தவர்களாகையால், தேகம் அதனை அந்நியமென்று ஒதுக்கவில்லை. அந்தப் பாக்கியம் வாய்க்காத ஏனையோரெல்லாம் தங்கள் எதிர்ப்புச் சக்தியை மருந்தினால் அடக்கி வைத்தே மாற்று உறுப்பைக் காத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அப்படி அடக்கியதும் தலைதூக்குவது, சி.எம்.வி. என்று டாக்டர்கள் சுருக்கிச் சொல்லும் சைட்டோமெகாலோ வைரஸ். சின்னம்மைக் கிருமியின் குடும்பத்தைச் சேர்ந்த இது, நம் நாட்டில் பெரும்பாலோருடைய தேகத்தில் பால்ய வயதிலேயே குடியேறி, வாடகையும் தராமல் தொல்லையும் தராமல் ஆயுள் முழுவதும் ஒடுங்கிக் கிடப்பது. அது விழித்துக்கொண்ட உயிரணுவை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஆந்தையின் கண்போல் உப்பி நிற்கும்.

இதனால் ஜுரமும் வயிற்றுப்போக்கும் வருவது பிரசித்தம். இரத்தம் உறைவதும் உண்டு என்பதுதான் எளிதில் மறக்கப்படுகிறது. ஜெர்மானிய வைத்தியர் விர்ஹோவின் பெயரால் வழங்கும் மூன்று காரணங்களில், ஓட்டம் தேங்குவது ஆபரேஷனுக்குப் பின் படுத்த படுக்கையால் நேரும். உறையும் சுபாவம் மிகுவதற்கு நோயும் ஸ்டீராய்டுமே போதும். எஞ்சிய மூன்றாவதாகிய நாளச் சுவரின் பழுதை, அச்சுவரின் உள்ளணுக்களிலேயே புகுந்து, உறைவைத் தொடங்கிவைக்கும் பொருளை அவற்றின்மேல் தோன்றச் செய்து, இந்தக் கிருமி நிறைவேற்றிவிடுகிறது. கல்லீரல் மாற்றியவருக்கு அதன் தமனியே அடைத்துக்கொள்ளுமாயின், பித்தக் குழாய்களுக்கு வேறு போஷகம் இல்லாமையால், பெற்ற உறுப்பே பறிபோகவும் கூடும்.

இந்த உறைவு காலிலும் நேரலாம். இரண்டு காலும் வீங்கினால் நீர் கோத்ததென்று ஊகிக்கலாம். ஒரு காலில் மட்டும் செருப்பு வார் இறுகி, கெண்டைக்கால் கனத்து வலித்தால், டாப்ளர் ஸ்கேன் பார்க்கும் வரையில் இரத்தக்கட்டென்றே கொள்ள வேண்டும். அது பிரிந்து நுரையீரலுக்கு ஏறினால் பிராணாபாயம். அக்கட்டு வளராமல் தடுக்க மருந்து கொடுப்பதோடு நின்றுவிடாமல், கூடவே ஜுரமும் இருந்தால் சி.எம்.வி. பரிசோதனையும் செய்வதே முறை என்பது என் அபிப்பிராயம்.

மாற்று உறுப்புடன் வாழ்பவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: இக்கிருமியைத் தடுக்க வால்கான்சிக்ளோவிர் மாத்திரையை மூன்று மாதமோ ஆறு மாதமோ சாப்பிடச் சொல்லியிருந்தால், விலை அதிகமென்று பாதியில் நிறுத்திவிடாதீர்கள்; கால் வீங்கினாலோ மூச்சு இரைத்தாலோ, பொழுது விடியட்டுமென்று காத்திராமல் அன்றிரவே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.