கருவறையின் காவல்

நுழையும்முன்

தனக்குரியதையும் அயலானதையும் பிரித்தறிந்து, அயலானதை எதிர்ப்பது நோய் எதிர்ப்பாற்றலின் இயல்பு. அவ்வாறிருக்க, பாதி அயலான ஓர் உயிரைத் தாயுடல் பத்துத் திங்கள் தாங்குவது எவ்வாறு? இவ்வினாவுக்கு அறிவியல் கண்ட விடைகளை இப்பாடம் விளக்குகிறது.

மெடவாரின் வினா

ஒருவரின் சிறுநீரகத்தை மற்றொருவருக்குப் பொருத்தினால், பெற்றவரின் உடல் அதனை அயலானதென்று கருதித் தாக்குகிறது. அதனைத் தடுக்க அவர் தொடர்ந்து மருந்து உட்கொள்ள வேண்டியுள்ளது. செல்களின் மேற்பரப்பில் உள்ள எச்.எல்.ஏ. என்னும் புரதங்களே இதற்கு முதன்மைக் காரணம். இவை செல்லின் அடையாள அட்டை போன்றவை. ஒவ்வொருவரும் இவற்றில் பாதியைத் தாயிடமிருந்தும் பாதியைத் தந்தையிடமிருந்தும் பெறுகின்றனர். ஆகவே, கருவில் தாய்க்கு அயலான தந்தையின் அடையாளமும் உண்டு. ஆயினும் தாயுடல் அதனை விலக்குவதில்லை.

இரண்டாம் உலகப்போரின்போது, தீக்காயமுற்றோருக்குத் தோல் ஒட்டும் முறையை ஆராய்ந்தவர் பிரித்தானிய அறிவியலாளர் பீட்டர் மெடவார். இவர் 1953இல் இப்புதிரை எடுத்துரைத்து மூன்று விளக்கங்களை முன்வைத்தார். தாயும் சேயும் உடலளவில் பிரிக்கப்பட்டிருக்கலாம். கருவின் அடையாளங்கள் முதிராதிருக்கலாம். தாயின் எதிர்ப்பாற்றல் செயலற்றிருக்கலாம் என்பன அவை. பின்வந்த ஆய்வுகள் முதல் விளக்கத்தில் ஒரு பகுதியை மட்டுமே உறுதிசெய்தன. கருவுற்ற தாய்மார் பலரின் குருதியில் தந்தைவழி அடையாளங்களுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் காணப்பட்டன. எனவே, கருவின் அடையாளம் மறைந்திருக்கவுமில்லை. தாயின் காவல் உறங்கவுமில்லை.

எல்லையில் நிகழும் உடன்பாடு

தாயும் சேயும் சந்திக்கும் இடம் நஞ்சுக்கொடி. அங்கே இருவர் குருதியும் அருகருகே ஓடினும் ஒன்றாகக் கலப்பதில்லை. தாயின் குருதியில் தோய்ந்திருக்கும் நஞ்சுக்கொடியின் வெளியடுக்கு, செல்களுக்கிடையே இடைவெளியின்றி ஒரே படலமாக இணைந்தது. அதில் எச்.எல்.ஏ. அடையாளங்கள் காணப்படுவதில்லை. ஆதலால் தாயின் வெள்ளையணுக்களுக்கு அங்கே இலக்கு கிட்டுவதில்லை.

நஞ்சுக்கொடியின் வேறு சில செல்கள் கருப்பைச் சுவருக்குள் ஊடுருவுகின்றன. அடையாளமே இல்லாத செல்களை அழிக்க வல்லவை ‘இயற்கைக் கொல்லி செல்கள்’. எனவே, ஊடுருவும் செல்கள் எச்.எல்.ஏ.-ஜி என்னும் புரதத்தை ஏந்துகின்றன. ஆளுக்காள் மிகுதியாக வேறுபடாத இப்புரதம், தாக்குதலைத் தணிக்கும் குறிப்பாகிறது.

கருவுற்ற தொடக்கத் திங்கள்களில் கருப்பையின் உட்சுவரிலுள்ள வெள்ளையணுக்களில் ஏறத்தாழ 70 விழுக்காடு இவ்வியற்கைக் கொல்லிகளே. பெயர் கொல்லியாயினும் இங்கு இவை ஆக்கப்பணி புரிகின்றன. கருப்பையின் குருதிக்குழாய்கள் விரிந்து, கருவுக்கு உணவும் உயிர்வளியும் மிகுதியாகச் செல்ல இவை துணைநிற்கின்றன. குழாய்கள் போதிய அளவு விரியாதபோது கருவின் வளர்ச்சி குன்றலாம். தாயின் குருதி அழுத்தம் உயரவும் கூடும்.

இவற்றோடு ‘நெறிப்படுத்தும் டி செல்கள்’ என்பனவும் உள்ளன. பிற வெள்ளையணுக்கள் எல்லை மீறாமல் அடக்குவதே இவற்றின் பணி. இவற்றை நீக்கிய எலிகளில், தந்தைவழி அடையாளம் வேறுபட்ட கருக்கள் நிலைக்கவில்லை என 2004இல் வெளியான ஆய்வு காட்டியது. இச்செல்களைக் கண்டறிந்த ஜப்பானிய அறிவியலாளர் ஷிமோன் சகாகுச்சி, 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசை இருவருடன் பகிர்ந்துகொண்டார்.

கொடையும் ஊறும்

தாய் தன் எதிர்ப்பாற்றலைச் சேய்க்கும் வழங்குகிறாள். ஐ.ஜி.ஜி. என்னும் எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடியைக் கடந்து கருவை அடைகின்றன. கருவுற்ற பெண்களுக்கு இரணஜன்னித் தடுப்பூசி இடுவதன் பயன் இதுவே. பிறக்கும் குழந்தையும் காக்கப்படுகிறது. தடுப்பூசியும் தூய்மையான மகப்பேறும் பரவியதன் பயனாக, தாய்சேய் இரணஜன்னியை ஒழித்த நாடாக இந்தியா 2015இல் ஏற்பளிப்புப் பெற்றது.

அதே வழி தீங்கையும் கொணரக்கூடும். ஆர்.எச். காரணி இல்லாத தாய்க்கு அக்காரணி உள்ள குழந்தை பிறக்கும்போது, சேயின் குருதி சிறிதளவு தாயின் குருதியில் கலக்கலாம். அதனை அயலானதெனக் கண்ட தாயுடல் எதிர்ப்பொருள்களை உருவாக்குகிறது. முதற்குழந்தை பெரும்பாலும் தப்பிவிடுகிறது. அடுத்த கருவுக்கும் ஆர்.எச். காரணி இருப்பின், அவ்வெதிர்ப்பொருள்கள் அதன் சிவப்பணுக்களைச் சிதைக்கின்றன. இதனைத் தடுக்கும் ‘ஆன்டி-டி’ ஊசி 1968 முதல் பயன்பாட்டில் உள்ளது. பிறந்த குழந்தைக்கு ஆர்.எச். காரணி இருப்பின், தாய்க்கு 72 மணி நேரத்திற்குள் இடப்படும் இவ்வூசி, அவளுடல் எதிர்ப்பொருளை உருவாக்காமல் தடுக்கிறது. கருவுற்ற பெண்ணின் குருதி வகையைத் தொடக்கத்திலேயே அறிய வேண்டுவதன் காரணமும் இதுவே.

கருவைத் தாங்குவது தாயுடலின் தளர்ச்சியன்று. எதை எதிர்ப்பது, எதை ஏற்பது, எதைப் பேணுவது என ஒவ்வொரு நாளும் முடிவுசெய்யும் விழிப்பே அது. அவ்விழிப்பின் நுட்பங்களை அறியுந்தோறும், மகப்பேற்றின் இடர்களை முன்கூட்டியே தடுக்கும் வழிகளும் புலப்படுகின்றன.